பென்சில் ஓவியத்தைத் தொழில்முறைத் தரத்துக்குக் கொண்டுபோவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முகம் வரைந்தால் ஆள் யாரென்று தெரிகிறது. ஷேடிங்கும் ஓரளவு கைவந்துவிட்டது. பார்ப்பவர்களும் பாராட்டுகிறார்கள். ஆனால் பத்துப் படம் வரைந்தால் மூன்றுதான் தேறுகிறது. அந்த மூன்றும் ஏன் தேறின என்று உங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்கான வழிகாட்டி இது. பென்சிலை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு இதில் பாதி இப்போதைக்குத் தேவைப்படாது.

தொழில்முறை ஓவியரும் தப்பாகக் கோடு போடத்தான் செய்வார். ஆனால் அந்தத் தப்பை ஐந்தாவது நிமிடத்திலேயே பிடித்துவிடுவார். மற்றவர்களுக்கு அது ஐந்து மணி நேரம் ஷேட் செய்து முடித்த பிறகுதான் கண்ணில் படுகிறது. தரத்தில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. கீழே வரும் படிகளை நான் அடுக்கியிருக்கும் வரிசைக்கும் அதுதான் காரணம்.

படி 1: உங்கள் தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது?

புகைப்படத்தைப் பார்த்து வரைந்த பழைய படங்கள் சிலவற்றை எடுங்கள். அந்தப் புகைப்படத்தை உங்கள் படத்தின் அளவுக்கே அச்சிட்டு, டிரேசிங் பேப்பரில் முக்கியக் கோடுகளை மட்டும் எடுங்கள். அந்தத் தாளை உங்கள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எங்கே விலகுகிறது என்று சிவப்புப் பேனாவால் குறியுங்கள்.

நாலைந்து படங்களில் இதைச் செய்தாலே ஒரு விஷயம் புலப்படும்: தப்புகள் கண்டபடி வருவதில்லை. ஒருவருக்கு எல்லா முகமும் அகலமாகிறது. இன்னொருவருக்கு எல்லா உருவமும் இடப்பக்கம் சாய்கிறது. மிகப் பரவலானது, கண்களைத் தலையில் மிக மேலே வைப்பது. உச்சந்தலைக்கும் தாடை நுனிக்கும் சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. நம் கவனம் முழுக்க முகத்தில் இருப்பதால் மண்டைக்கு உரிய இடத்தைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். அதற்கு அடுத்தது முக்கால் பக்க முகம் (ஒரு பக்கமாகச் சற்றே திரும்பிய முகம்): தூரத்துப் பக்கக் கன்னத்தை, நமக்குத் தெரிவதைவிட அகலமாகப் போட்டுவிடுவோம்.

உங்கள் தப்பின் பட்டியலை ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டிவையுங்கள். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் இதே வேலையை விரைவாகச் செய்யும். பழகிப்போன கண்ணுக்கு ஒளிந்துகொள்ளும் கோணல், படத்தைத் திருப்பியதும் வெளியே வந்துவிடும்.

படி 2: கையும் உட்காரும் விதமும்

மேஜையில் தாளைத் தட்டையாக வைத்து வரைவதை முதலில் நிறுத்துங்கள். தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தள்ளிப் போவதால் அது உங்களுக்குச் சுருங்கித் தெரிகிறது. அதை ஈடுகட்டக் கை தானாக நீட்டி வரைந்துவிடும். வரையும்போது சரியாகத் தெரிந்த முகம், தாளை நிமிர்த்தியதும் நீண்டுபோவது இதனால்தான். பலகையைச் சாய்த்து, தாள் உங்கள் பார்வைக்கு நேர்குத்தாக நிற்கும்படி வையுங்கள். ஈஸல் (படத்தை நிமிர்த்தி வைக்கும் தாங்கி) இருந்தால் இன்னும் நல்லது, எழுந்து பின்னால் போய்ப் பார்க்கலாம்.

எழுதுவதுபோலப் பென்சிலைப் பிடித்தால் விரலும் மணிக்கட்டும் மட்டும்தான் அசையும். நுணுக்க வேலைக்கு அது சரி. நீளமான கோட்டை அப்படிப் போட்டால் துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட மாதிரி வரும். பென்சிலை உள்ளங்கைக்குக் கீழே படுக்கவைத்துப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்துப் பழகுங்கள். பயிற்சி எளிது: இரண்டு புள்ளி வைத்து, தாளைத் தொடாமல் காற்றிலேயே இரண்டு மூன்று முறை அந்தப் பாதையை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே வீச்சில் கோடு போடுங்கள். கோடு தப்பினால் அதன் மேலேயே திரும்பத் தேய்க்காமல் அடுத்ததற்குப் போங்கள். நேர்கோடு, வளைவு, நீள்வட்டம் என்று தினமும் பத்து நிமிடம் போதும். இதையே மணிக்கணக்கில் செய்வதால் பெரிய லாபம் எதையும் நான் பார்த்ததில்லை.

பென்சில் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்ற முறைப்படிதான் இன்றும் பென்சில் தயாராகிறது: கிராஃபைட் தூளோடு களிமண் கலந்து சுடுவது. களிமண் கூடினால் கடினம், அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மை, அது பி வரிசை. 2எச், எச்பி, 2பி, 6பி நான்கும் இருந்தால் எந்த வேலையும் செய்யலாம். கடினப் பென்சிலை அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை எந்த ரப்பரும் எடுக்காது. கிராஃபைட்டை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் கறுப்பாகாது, பளபளப்புதான் கூடும். முழுக் கறுப்பு வேண்டுமென்றால் சார்க்கோலுக்கோ (வரைவதற்கான கரித்துண்டு) கார்பன் பென்சிலுக்கோ போக வேண்டும். அதையும் முதலிலேயே திட்டமிடுங்கள், ஏனென்றால் அடர்த்தியான கிராஃபைட்டின் மேல் சார்க்கோல் ஒட்டாது.

படி 3: அளந்து பார்க்கும் கண்

இந்த ஒரு படிக்கு மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் நேரத்தைக் கொடுத்தாலும் வீணில்லை.

எதை வரைந்தாலும் முதலில் அதன் வெளி எல்லையை ஐந்தாறு நேர்கோடுகளால் அடைத்துவிடுங்கள். மிக உயர்ந்த புள்ளி, மிகத் தாழ்ந்த புள்ளி, இடக்கோடி, வலக்கோடி, இவற்றை இணைக்கும் சாய்ந்த கோடுகள். இந்தக் கட்டத்தில் கண், மூக்கு எதுவும் கிடையாது. வளைவுகளையும் நேர்கோட்டுத் துண்டுகளாகவே போடுங்கள். வளைவில் திசை எங்கே மாறுகிறது என்று சொல்வது கடினம். நேர்கோடு மாறும் இடம் பளிச்சென்று தெரியும், அதை ஒப்பிட்டுத் திருத்தவும் முடியும்.

அப்புறம் சரிபார்ப்பு. ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் கையை முழுக்க நீட்டி, பென்சிலால் அளவெடுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். தலையின் உயரத்தை ஒரு அலகாக வைத்துக்கொண்டு உடம்பு எத்தனை தலை, தோள் அகலம் எத்தனை தலை என்று கேளுங்கள். சாய்வுகளுக்கும் பென்சில்தான் கருவி: சாய்ந்த தோளின் கோட்டுக்கு இணையாகப் பென்சிலைப் பிடித்து, கோணத்தை மாற்றாமல் தாளுக்குக் கொண்டுவாருங்கள். பென்சிலை உங்களுக்கு முன்னால் ஒரு தட்டையான கண்ணாடிச் சுவர் இருப்பதாக நினைத்து அதன் மேல்தான் சாய்க்க வேண்டும். பொருளின் பக்கமாக உள்ளே சாய்த்தால் கோணம் பொய் சொல்லும்.

செங்குத்துக் கோடு இன்னொரு நல்ல சாட்சி. ஒரு நூலில் கனமான எதையாவது கட்டித் தொங்கவிட்டு, மாதிரியாக நிற்பவரின் காதுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தோளின் நடுவா, விளிம்பா? நிற்கும் உருவத்தில் கழுத்துக் குழியிலிருந்து விழும் நூல், எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே விழ வேண்டும். விழாவிட்டால் உருவம் சாய்ந்து விழப்போவதுபோல் இருக்கும்.

நான்காவது சோதனை, வெற்றிடம். இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கைக்கும் உடம்புக்கும் இடையே தெரியும் முக்கோணத்தை வரையுங்கள். கை என்றால் எப்படி இருக்கும் என்று மூளைக்கு முன்கூட்டியே ஒரு கருத்து உண்டு. அந்த முக்கோணத்தைப் பற்றி எதுவும் இல்லை. அதனால் அதைக் கண்ணில் பட்டபடி வரைவது எளிது.

இந்தக் கண்ணைப் பழக்க, நல்ல மாதிரிகளை அச்சு அசலாக நகலெடுப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர், ழெரோம் என்ற இன்னொரு ஓவியரின் துணையோடு 1866 முதல் 1871 வரை வெளியிட்ட ஓவியப் பாடத்தில் 197 அச்சுத் தகடுகள் உண்டு. சிற்ப வார்ப்புகள், பழைய மேதைகளின் வரைபடங்கள், மனித உருவங்கள் என்று மூன்று பகுதி. 27 வயதில், 1880இல், ஓவியராவதென்று முடிவெடுத்த வான்கோ அந்தத் தகடுகளைத்தான் நகலெடுத்துப் பழகினார். 1890இல் மறுபடியும் எடுத்து வரைந்தார். அந்தப் படங்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு தகட்டை ஒருநாளில் முடிக்க நினைக்காதீர்கள். விளிம்புக்கோடு கண்ணுக்குச் சரியென்று பட்ட பிறகு டிரேசிங் பேப்பரில் சோதியுங்கள், விலகினால் திருத்துங்கள், அதன் பிறகுதான் நிழல். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதில் தேறியவர்கள் போர்ட்ரெய்ட்டில் உருவ ஒற்றுமைக்காகத் திண்டாடுவதில்லை.

படி 4: தோலுக்கு அடியில் இருப்பது

கண்ணளவு மட்டும் இருந்தால் எதிரே இருப்பதைத்தான் வரைய முடியும். இல்லாத கோணத்தில் ஒரு நாற்காலியையோ ஓடும் மனிதனையோ வரையச் சொன்னால் கை நின்றுவிடும். அதற்கு வடிவத்தின் உள்ளமைப்புத் தெரிய வேண்டும்.

பெர்ஸ்பெக்டிவில், அதாவது தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் முறையில், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என் கண்மட்டம் எங்கே? அடிவானக் கோடு அந்த உயரத்தில்தான் இருக்கும். சமதரையில் நிற்கும் உங்கள் உயரமுள்ள ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அடிவானம் அவர்களின் கண் வழியாகவே போகும். கூட்டத்தை வரையும்போது இந்த ஒரு விதியே பாதி வேலையை முடித்துவிடும். இரண்டு மறைபுள்ளி (இணைகோடுகள் தூரத்தில் போய்ச் சேர்வதாகத் தெரியும் இடம்) வைத்து வரைபவர்கள் இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கப் பார்ப்பார்கள். அப்போது கட்டடத்தின் மூலை கத்திபோலக் கூர்மையாகத் துருத்தும். புள்ளிகள் தாளுக்கு வெளியே தொலைவில் இருப்பதுதான் பெரும்பாலும் சரி.

உருளைகளில் கவனிக்க இரண்டு. ஒன்று, வட்டம் சாய்ந்து தெரியும்போது அது நீள்வட்டம். அதன் முனைகள் எப்போதும் உருண்டவை, எலுமிச்சைபோலக் கூராகாது. இரண்டு, கண்மட்டத்துக்கு அருகில் இருக்கும் வட்டம் ஒடுங்கியும் கீழே போகப் போக விரிந்தும் தெரியும். அதனால் மேஜைமேல் இருக்கும் கோப்பையின் அடிவட்டம் வாய்வட்டத்தைவிட விரிந்த வளைவு. அடியை நேர்கோடாகப் போட்டுவிட்டால் எவ்வளவு ஷேடிங் செய்தாலும் கோப்பை மேஜையில் உட்காராது. சக்கரம் வரைபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: நீள்வட்டத்தின் குறுக்கச்சு (அதன் குறுகிய பக்கமாக ஓடும் நடுக்கோடு), சக்கரத்தின் இருசுக்கம்பியின் திசையிலேயே இருக்க வேண்டும்.

மனித உடம்புக்குத் தசைகளின் பெயரை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். விலாக்கூடு, இடுப்பெலும்பு, மண்டை என்ற மூன்று பெட்டிகளும் அவற்றைக் கோக்கும் முதுகுத்தண்டும் எப்படிச் சாய்கின்றன என்பதில் தொடங்குங்கள். ஒரே காலில் எடையைப் போட்டு நிற்கும்போது அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள்கள் எதிர்ப்பக்கம் சாயும். இந்த எதிரெதிர்ச் சாய்வு இல்லாவிட்டால் உருவம் கடைப்பொம்மைபோல விறைத்து நிற்கும். அளவுகளில் கைவசம் இருக்க வேண்டியவை: சராசரி மனித உயரம் ஏழரைத் தலை, கை தொங்கும்போது மணிக்கட்டு தொடை தொடங்கும் மட்டத்துக்கு வரும், பாதத்தின் நீளம் ஏறக்குறைய முன்கையின் நீளம், விரல் நுனிவரை உள்ளங்கையின் நீளம் ஏறக்குறைய தாடையிலிருந்து நெற்றி முடிவரை. காறை எலும்பு, முழங்கை முனை, முழங்கால் சில்லு, இடுப்பெலும்பின் முன்முனை ஆகியவை எவ்வளவு பருமனானவரிடமும் தோலுக்கு அருகிலேயே இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதைப் பிடித்துப் பிடித்துப் போய்விடலாம்.

கூடவே ஜெஸ்ச்சர், அதாவது உருவத்தின் அசைவை வேகமாகப் பிடிக்கும் பயிற்சி. முப்பது வினாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நேரம் வைத்து, உருவத்தின் விசை எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் வரையுங்கள். அளந்தளந்து வரைபவர்களின் படம் உறைந்துபோகாமல் காப்பது இதுதான்.

படி 5: ஒளியும் நிழலும்

பலர் ஷேடிங் என்றால் பென்சிலை மென்மையாகத் தேய்ப்பது என்று நினைக்கிறார்கள். தேய்ப்பது கடைசி ஐந்து சதவீத வேலை. முதல் முடிவு, எது வெளிச்சம், எது நிழல் என்று தாளை இரண்டாகப் பிரிப்பது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து பெரிய பெரிய கறுப்பு வெள்ளைத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றின் எல்லையைக் கோடாகப் போட்டு, நிழல் முழுவதையும் ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்புங்கள். அந்த இரண்டு நிறத்திலேயே ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மேலே போகாதீர்கள், திட்டின் வடிவம் எங்கோ தப்பு.

பிறகு டோன்களை, அதாவது வெளிச்ச இருட்டின் அளவுகளை, கூட்டலாம். ஒரு பந்தை ஒற்றை விளக்கின் கீழ் வைத்தால் எல்லாம் தெரியும்: ஒளி நேராக விழும் இடம், மினுக்கும் புள்ளி, ஒளி சரியும் நடுத்தரச் சாம்பல், ஒளி முடியும் இடத்தில் ஓடும் அடர்நிழல் பட்டை, அதற்கு அப்பால் மேஜையிலிருந்து திரும்பி வரும் ஒளி, தரையில் விழும் நிழல், பந்து தரையைத் தொடும் இடத்திலுள்ள மிக இருண்ட கீற்று.

இதில் ஒரு விதியை மீறினால் படம் கெட்டுவிடும். நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடமும், ஒளிப்பகுதியின் மிக இருண்ட இடத்தைவிட இருண்டே இருக்க வேண்டும். திரும்பி வரும் ஒளியை வெள்ளையாக விட்டுவிட்டால் பந்து உலோகத்தகடாகிவிடும். நல்ல கண் உள்ளவர்களும் இதில் சறுக்குகிறார்கள், காரணம் உண்டு. நிழலுக்குள்ளேயே உற்றுப் பார்த்தால் கண் அந்த இருட்டுக்குப் பழகி, உள்ளே இருப்பதெல்லாம் வெளிச்சமாகத் தெரியத் தொடங்கும். அதனால் நிழலை மட்டும் தனியாக உற்றுப் பார்க்காமல், ஒளிப்பகுதியையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்த்து ஒப்பிட வேண்டும்.

தாளின் வெள்ளைக்கும் பென்சிலின் கறுப்புக்கும் நடுவே இருக்கும் வீச்சு, உலகில் இருக்கும் ஒளியின் வீச்சோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எல்லா டோனையும் அப்படியே பிடிக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நிழலுக்குள் விவரங்களைக் குறைத்து, ஒளிப்பகுதியில் செலவழிப்பது பாதுகாப்பான தேர்வு. வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஒன்பது கட்டம் போட்டு ஒரு பட்டை செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விளிம்புகள். என் பார்வையில் அமெச்சூர் படத்தைக் காட்டிக்கொடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். எல்லா விளிம்பும் ஒரே கூர்மையில் இருந்தால் படம் கத்தரித்து ஒட்டியதுபோலத் தெரியும். தரையில் விழும் நிழல் பொருளுக்கு அருகில் கூராகத் தொடங்கி, தள்ளிப் போகப் போகக் கரையும். உருண்ட பரப்பில் ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பு மென்மை; மூக்கெலும்பு போன்ற திருப்பத்தில் கூர்மை. கறுத்த முடி இருண்ட பின்னணியில் கலக்கும் இடத்தில் விளிம்பே தேவையில்லை, விட்டுவிடலாம். பார்ப்பவரின் கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மட்டும் மிகக் கூர்மையான விளிம்பை வையுங்கள்.

விரலால் தேய்க்காதீர்கள், விரலின் எண்ணெய் தாளில் ஏறித் திட்டாகிவிடும். நீடட் எரேசரை (பிசைந்து உருமாற்றக்கூடிய மென்மையான ரப்பர்) அழிக்க மட்டுமல்லாமல், ஒத்தி எடுத்து டோனைக் குறைக்கவும் பயன்படுத்துங்கள்.

படி 6: புகைப்படத்தை எவ்வளவு நம்புவது

புகைப்படத்திலிருந்து வரைவது குற்றமில்லை, அது எங்கே ஏமாற்றும் என்று தெரிந்திருந்தால் போதும். முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கும். நீங்களே எடுப்பதானால் இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். கேமரா நிழலை வெறும் கறுப்பாகவும் வெளிச்சத்தை வெறும் வெள்ளையாகவும் ஆக்கிவிடும். அந்தக் கறுப்பை அப்படியே நகலெடுத்தால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். ஆளை முன்னால் உட்காரவைத்து வரைந்த அனுபவம் இருந்தால்தான் கேமரா எதை விழுங்கியது என்று தெரியும். எனவே வாரத்தில் ஒருமுறையாவது நேரில் பார்த்து வரையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் உங்கள் இடது கையும் கண்ணாடியில் தெரியும் உங்கள் முகமும் எப்போதும் தயாராக இருக்கின்றன.

டேப்லெட்டில் வரைபவர்களுக்கு இரண்டு வார்த்தை. கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரைப் பயிற்சியின்போது அணைத்து வையுங்கள், இல்லையென்றால் கை பழகாது. பெரிதாக்கிப் பெரிதாக்கி வரையும் பழக்கம் முழுப் படத்தைப் பார்க்கவிடாது. முதல் பாதி வேலைவரை ஜூம் செய்யாமலேயே இருங்கள்.

படி 7: நினைவிலிருந்து, மறுபடியும்

ஒரு படத்தை முடித்ததும் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, அதையே நினைவிலிருந்து சின்னதாக வரையுங்கள். எந்த இடத்தில் கை தடுமாறுகிறதோ அது உங்களுக்குப் புரியாமல் வெறுமனே நகலெடுத்த இடம். அடுத்த பயிற்சிக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது. கை விரல்கள் தடுமாறினால் ஒரு வாரம் கை மட்டும்.

கருத்துக் கேட்பதிலும் முறை வேண்டும். “எப்படி இருக்கிறது?” என்றால் “அருமை” என்றுதான் பதில் வரும். “இடது தோள் உயர்ந்திருக்கிறதா? நிழலில் கண்கள் மறைகின்றனவா?” என்று கேட்டால் எந்த நண்பரும் உபயோகமான பதிலைத் தருவார்.

படி 8: வேலைக்கு வரைவது

பணத்துக்கு வரையும்போது திறமையோடு நடைமுறையும் சேர்ந்துகொள்கிறது. முதலில் தீப்பெட்டி அளவில் ஐந்தாறு தம்ப்நெய்ல் போட்டு, அமைப்பையும் ஒளியையும் தீர்மானியுங்கள். அதில் இரண்டு மூன்றை வாடிக்கையாளரிடம் காட்டி ஒன்றை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ரஃப், அதற்கும் ஒப்புதல், அதன் பிறகுதான் இறுதிப் படம். எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தம்ப்நெய்லில் ஒரு நிமிடத்தில் மாற்றக்கூடியதை இறுதிப் படத்தில் மாற்ற இரண்டு நாள் ஆகும்.

பிறர் எடுத்த புகைப்படத்தை அனுமதியில்லாமல் அப்படியே வரைந்து விற்காதீர்கள், உரிமை பொதுவாக எடுத்தவருடையது. நிலைத்து நிற்க வேண்டிய படத்துக்கு அமிலமற்ற தாளைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் காலப்போக்கில் மஞ்சளாகும். முடித்த பென்சில் படம் கலையாமலிருக்க ஃபிக்சேட்டிவ் என்ற ஸ்ப்ரேயை மெல்லிய அடுக்குகளாக, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். சார்க்கோல் படம் இதனால் கொஞ்சம் இருளும் என்பதால் வேண்டாத துண்டுத் தாளில் முதலில் சோதியுங்கள். அச்சுக்கு அனுப்புவதை 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், ஏ4 தாளுக்கு அது 2480க்கு 3508 பிக்சல். ஸ்கேனர் மெல்லிய சாம்பல்களை வெளுத்துவிடும், லெவல்ஸை (கணினியில் வெளிச்ச இருட்டைத் திருத்தும் வசதி) அசலோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே அனுப்புங்கள்.

போர்ட்ஃபோலியோவில் எண்ணிக்கையைக் காட்ட முயலாதீர்கள். பார்ப்பவர் உங்களை மதிப்பிடுவது அதிலுள்ள மோசமான படத்தை வைத்துத்தான், ஏனென்றால் தனக்கும் அதுதான் கிடைக்குமோ என்று அவர் யோசிப்பார். சந்தேகம் வரும் படத்தை எடுத்துவிடுங்கள். ஒரே ஆளை மூன்று கோணத்தில், மூன்று விதமான ஒளியில் வரைந்த பக்கம் ஒன்றைச் சேருங்கள். மறுபடியும் கேட்டாலும் இவரால் வரைய முடியும் என்பதை அந்த ஒரு பக்கம் காட்டிவிடும்.